நான் கொலு வைத்த தீவு வண்டுகள்

பூச்சி ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து கேட்டார்கள். மூன்று பேரில் ஒருத்தி என் சொந்த மகள். வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பாள். எழுத்தில் கொடுத்தால் மற்ற இரண்டு பேருக்குப் பயந்தாவது படிப்பாள் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் கணக்கில் இரண்டாம் தடவைதான் தேறினேன். ஊசியை எப்படிக் குத்துவது, அந்துருண்டையை எந்த மூலையில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கும். அதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. கையேட்டில் இல்லாத ஒன்று உண்டு. தப்பு செய்த பிறகு என்ன செய்வது என்பது. அதில் எனக்கு நல்ல அனுபவம்.

முப்பது வருடம் நம் பூச்சி அறையில் அட்டெண்டராக இருந்தேன். கல்யாண வீடுகளில் "சார் என்ன வேலை?" என்று கேட்பார்கள். "வண்டு பாத்துக்கறேங்க" என்பேன். மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை. என் மனைவி மட்டும் விடமாட்டாள். "வீட்டு அரிசியில மேயற வண்டைப் பாக்க ஆளில்ல. ஐயா கடல் தாண்டி இருக்கற வண்டைப் பாக்கப் போறாரு" என்று முறத்தை என் முன்னால் வைத்துவிடுவாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டும் ஒரே கூட்டம்தான். அரிசியில் வரும் கூன்வண்டுக்கு மூக்கு நீண்டிருக்குமே, அதே மூக்குதான் அந்தமான் பக்கத்துத் தீவு வண்டுக்கும். அது கொஞ்சம் பெரிது. முதுகில் பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி, வெள்ளிக் கோடு என்று பட்டுப்புடவை மாதிரி இருக்கும். முதுகு ஓடு இரண்டும் ஒட்டிக்கொண்டதால் பறக்க முடியாது. பிறந்த தீவிலேயே வளர்ந்து, பெருகி, சாக வேண்டியதுதான்.

அந்த வண்டுகளில் எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் ஆரோக்கியமேரியின் ஆராய்ச்சி. மேரி ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண். அப்பா விவசாயி. ஆறு சின்னத் தீவுகளில் மேடத்தோடு அலைந்து நூற்றுப் பதினெட்டு வண்டுகளைப் பிடித்து வந்தாள். மூன்று வருட உழைப்பு, ஒரே பெட்டியில். கிறிஸ்துமஸுக்குள் படிப்பு முடிய வேண்டும், அதன் பிறகு மாப்பிள்ளை பார்ப்போம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். மேரிக்கு வேறு ஆசை. வெளிநாட்டில் கூன்வண்டுகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்யும் ஒரு பெரிய மனிதர் அந்த வருடம் ஊருக்கு வந்திருந்தார். கும்பகோணம் பக்கத்துக்காரர்தான், இருபது வருடமாக அங்கேயே இருக்கிறார். பெட்டியைப் பார்க்க வருகிறேன் என்று எழுதியிருந்தார். பெட்டி அவருக்குத் திருப்தியானால் தன் ஆய்வகத்தில் மேரிக்கு இடம் கொடுப்பார். அதற்கு மேல் அவள் அப்பாவிடம் பேசிக்கொள்ளலாம்.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் பேராசிரியரை. பேர் எழுதினால் திட்டுவார். எனக்கு வண்டுச் சொந்தத்தைப் புரியவைத்தவர் அவர்தான். ஒருநாள் பச்சைப் புள்ளி வைத்த இரண்டு வண்டுகளைக் காட்டி, "இது ரெண்டும் அண்ணன் தம்பி மேடம், அச்சா அப்படியே இருக்கு" என்றேன்.

"உங்க மாமனார் எப்படி மீசை வச்சிருக்கார்?"

"முறுக்கி விட்டிருப்பார் மேடம். என்னைய மாதிரியே."

"அப்ப அவர் உங்களுக்குப் பங்காளியா?"

எனக்கு வியர்த்துவிட்டது. மாமனார் பங்காளி என்றால் என் மனைவி எனக்குத் தங்கை முறை ஆகிவிடுவாள்.

"ஒரே ஊர், ஒரே நாவிதர், அதனால ஒரே மீசை" என்றார் மேடம். "தீவுலயும் அப்படித்தான். ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி இலை, கொத்தித் தின்ன ஒரே மாதிரி பறவை. அதுக்குத் தகுந்த மாதிரி தனித்தனியா ரெண்டு தீவுல ஒரே நிறம் வந்துரும். சொந்தம் இல்லாததெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சொந்த அக்கா தங்கச்சி அடையாளமே தெரியாம இருக்கும். அதனால எந்த வண்டு எந்தத் தீவுங்கறதுதான் நமக்கு எல்லாமே."

இதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தலையும் ஆட்டினேன். அதன் பிறகுதான் இப்படிச் செய்தேன்.

சரஸ்வதி பூசைக்கு முதல் நாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்குத்தான் நம் அறையைக் கழுவித் துடைத்து, மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். மேரி ஊருக்குக் கிளம்பும்போது, "அண்ணே, இந்தப் பெட்டிய மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்கங்க. பூசை முடிஞ்சு மறுநாள் கழிச்சு அவர் வர்றார்" என்றாள். 'யாரும்' என்பதில் நானும் அடங்குவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. காவல்காரன் எப்படி அடங்குவான்?

எல்லாவற்றையும் துடைத்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் நோட்டில் கிழித்த காகிதத் துண்டில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கிறுக்கியிருந்தது. ஒரு வரிசையில் பெரிய வண்டுக்குப் பக்கத்தில் பொடி வண்டு. அதற்குப் பக்கத்தில் வெளுத்துப்போன ஒன்று. வெளிநாட்டிலிருந்து ஒரு மனிதர் வந்து இதையா பார்ப்பார்?

மேடம் வீட்டில் வருடாவருடம் கொலு வைப்பார்கள். துறையில் எல்லோரையும் சுண்டலுக்குக் கூப்பிடுவார்கள். அந்த அழகு என் மனதில் இருந்தது. உட்கார்ந்தேன். பென்சில் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டேன். ஏழு படி கட்டினேன். மேல் படியில் பெரிய வண்டுகள். படிப்படியாகச் சிறுத்து, கீழ்ப்படியில் உளுந்து மாதிரி இருப்பவை. ஒவ்வொரு படியிலும் பச்சை ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம். நீலப் புள்ளி மொத்தமே மூன்றுதான், அவை நடுப்படியில் நட்டநடுவில். மூக்கெல்லாம் ஒரே திசையில். இரண்டு மணி நேரம் ஆனது. மூடிக்கு மேல் சந்தனப் பொட்டு வைத்தேன். குப்பையை அன்றைக்கே பின்பக்கம் கொளுத்தினேன். சுத்தம் என்றால் எனக்குப் பாதியில் விடத் தெரியாது.

விஜயதசமி காலையில் மேரி வந்துவிட்டாள். அவளுக்கு அது வேலை நாள்தான். நானே ஆசையாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவள் குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தாள். பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

"அண்ணே, பென்சில் துண்டெல்லாம் எங்க?"

"அழுக்கா இருந்துச்சும்மா. எரிச்சுட்டேன்."

"அதுலதான் அண்ணே தீவு நம்பர் இருந்துச்சு."

"அதான் ஒவ்வொரு வண்டுக்கும் அடியில ஊசியில சீட்டு குத்துவோமே?"

"அந்தச் சீட்டத்தான் அழகா அச்சடிக்கக் கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்திருக்கேன்."

தெற்கு வீதியில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. வண்டுக்கேற்ற பொடி எழுத்தில் அச்சடித்துத் தருவார்கள். பூசைக்காக மூன்று நாள் சாத்தியிருந்தார்கள். சீட்டு வந்தாலும் எந்தச் சீட்டை எந்த வண்டுக்குக் குத்துவது? அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நூற்றுப் பதினெட்டு வண்டும் இருந்தது. ஒரு கால்கூட உடையவில்லை. மூன்று வருடம்தான் போய்விட்டது.

மேரி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இதை உங்களுக்கு எழுதத்தான் இவ்வளவு காகிதம் செலவு செய்கிறேன். "கவலப்படாதம்மா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. பழையபடியே வச்சுத் தர்றேன். மேடத்துக்குச் சொல்லவே வேணாம்" என்றேன்.

அவளும் பயத்தில் தலையாட்டினாள். பத்து வண்டுகளை எடுத்தேன். இது ஒன்றாம் தீவு, இது நான்கு, இது மூன்று என்று வேகமாக வைத்தேன். எனக்கே என் ஞாபக சக்தி பெருமையாக இருந்தது.

மேரி அந்தப் பத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, வண்டுகளை இடம் மாற்றிவைத்தாள். "இப்ப மறுபடி வைங்க அண்ணே."

மறுபடி வைத்தேன். அதே வேகம். அதே பெருமை.

தாளைப் பார்த்தாள். "மூணுதான் அண்ணே ஒத்துப்போகுது."

"இன்னொரு வாட்டி பாப்போம்."

மூன்றாவது தடவையும் வைத்தேன். வெள்ளிக் கோடு போட்ட ஒரு வண்டைத் தூக்கிக் காட்டினாள். "இது மொதல்ல ஒண்ணாம் தீவு. அப்பறம் அஞ்சு. இப்ப ரெண்டு. பறக்காத வண்டு அண்ணே இது. நீங்க நீந்த விட்டுட்டீங்க."

அழுதுகொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இரண்டும் வரவில்லை. "கெளம்பும்மா, மேடத்துக்கிட்ட போயிடுவோம்" என்றேன்.

மேடம் வீட்டில் கொலு இன்னும் எடுக்கவில்லை. எங்களைக் கண்டதும், "வாங்க வாங்க, சுண்டல் இருக்கு" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொலு என்ற இடம் வந்தபோது அவருடைய கொலுப்படியைக் கையால் காட்ட வேண்டியதாயிற்று. "இதோ, இதப் பாத்துத்தான் மேடம்."

மேடம் திரும்பித் தன் கொலுவைப் பார்த்தார். மேல் படியில் இருந்த மகாலட்சுமி வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏதாவது ஒடஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்ல மேடம்."

"தப்புன்னு தெரிஞ்ச பெறகு எதையாவது நகத்துனீங்களா?"

அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். பத்து வண்டு மூன்று தடவை நகர்ந்த கதையைச் சொன்னேன். அதுவரை கோபமே வராதவருக்கு அப்போதுதான் வந்தது.

"கலியபெருமாள், நீங்க கொலு வச்சது தெரியாத்தனம். அதுக்கு என் வீட்டுச் சுண்டலையும் சேத்துத்தான் திட்டணும். ஆனா பழையபடி வச்சிர்றேன்னு உக்காந்தீங்க பாருங்க, அது பொய். பச்சைப் புள்ளி இருக்குன்னு நீங்க ஒரு தீவுல வைப்பீங்க. அந்தத் தீவுல எல்லாம் பச்சைப் புள்ளின்னு மேரி எழுதுவா. வண்டு சொல்ல வேண்டியத நாமளே சொல்லிட்டு, வண்டு சொல்லுச்சுன்னு ஊர்பூரா சொல்லுவோம்."

மேரி மெதுவாக, "நாளை மறுநாள் அவர் வந்துருவார் மேடம்" என்றாள்.

"அதுக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கு. கண்ணுக்குத் தெரியறத விடுங்க. கலியபெருமாள், இந்த வண்டெல்லாம் நீங்கதானே ஒட்டுனீங்க? ஒவ்வொரு தீவுக்கும் உங்க கை என்னென்ன செஞ்சுதுன்னு சொல்லுங்க."

நம் வண்டுகள் சின்னதாக இருப்பதால் நேரே ஊசி குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் பசையால் ஒட்டி, அட்டையில்தான் ஊசி குத்துவோம். தீவுக்கு ஒரு குப்பியில் அடைத்துக் கொண்டுவந்த வண்டுகளை ஒவ்வொரு குப்பியாகத் திறந்து ஒட்டினோம். அட்டை வெட்டியது நான்தான். துறையில் நல்ல அட்டை தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பத்திரிகையில வெட்டுனேன் மேடம்."

"எந்தப் பத்திரிகை?"

"கல்யாணப் பத்திரிகை."

வெள்ளைப் பக்கம் மேலே, அச்சடித்த பக்கம் கீழே. யாருக்கும் தெரியாது. அந்த வருடம் வந்த பத்திரிகைகளையெல்லாம் வண்டுக்குத்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். கல்யாணம் நடந்து முடியாமல் பத்திரிகையில் கத்தரி வைக்கமாட்டேன். சாமி படத்தை வெட்டவும் மாட்டேன். மிச்சமாகும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்திருந்தேன்.

மேடம் எழுந்துவிட்டார். "மேரி, எந்தத் தேதியில எந்தத் தீவுக் குப்பியத் தெறந்தோம்னு நோட்டுல இருக்கா?"

"இருக்கு மேடம்!"

அன்று மதியம் மூன்று பேரும் பூச்சி அறையில் உட்கார்ந்தோம். என் இழுப்பறையைக் கவிழ்த்தார்கள். பிள்ளையார் இரண்டு பேர், பிறை ஒன்று, புறா கவ்விய சிலுவை ஒன்று, திருக்கடையூர் கோபுரம் ஒன்று. ஐந்தும் தேதியோடு கிடைத்தன. மேடம் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினார். மேரி நோட்டை விரித்தாள். கல்யாணம் முடிந்த தேதிக்குப் பிறகு எந்தக் குப்பி திறந்தது என்று சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றாம் தீவு, அலுவலகக் கிளார்க் மகள் கல்யாணம், ரோஸ் நிறம். இரண்டாம் தீவு, எனக்கு ரேஷன் கடையில் பழக்கமான பாய் வீட்டு நிக்காஹ், பச்சை. மூன்றாம் தீவு, மேரியின் பெரியப்பா மகன் கல்யாணம், வெண்ணெய் நிறம். ஆறாம் தீவு, என் ஒன்றுவிட்ட அண்ணனின் அறுபதாம் கல்யாணம், மஞ்சள்.

மேடம் லென்ஸைப் பிடித்துக்கொண்டார். மேரி தன் கைப்பையிலிருந்த கண்ணாடியை வண்டுக்கு அடியில் காட்டினாள். "நீங்க ஊசியத் தொடாதீங்க. நெறத்த மட்டும் சொல்லுங்க" என்று எனக்கு உத்தரவு.

"ரோஸ்."

"ஒண்ணாம் தீவு. அடுத்தது."

"பச்சை. 'நிக்' வரைக்கும் தெரியுது."

"ரெண்டு."

"மஞ்சள் மேடம். அண்ணனோட ஒரு கண்ணு."

"கண்ணா?"

"தம்பதி போட்டோ போட்டிருந்தாங்க. சாமி படம்தானே வெட்டக் கூடாது."

இப்படியே வண்டுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நான் பாட்டு முணுமுணுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் என் மச்சான் பத்திரிகை குறுக்கே வந்தது.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அந்த வருடங்களில் ஒரு வீட்டிலிருந்து யாராவது கப்பல், விமானம் ஏறினால் மறு வருடம் அந்த வீட்டுப் பத்திரிகை கனமாகிவிடும். அவன் பத்திரிகை கதவு மாதிரி இருந்தது. வெளித்தாள் அரக்கு, உள்தாள் தங்கம். கெட்டி அட்டை. நான்காம் தீவை வெளித்தாளிலும் ஐந்தாம் தீவை உள்தாளிலும் வெட்டியிருந்தேன். நிறத்தை வைத்து அதையும் பிரித்துவிட்டோம். ஆனால் அவ்வளவு நல்ல அட்டையை வீணாக்க மனமில்லாமல், இரண்டு தாளிலும் அச்சே இல்லாத ஓரத்தையும் வெட்டியிருக்கிறேன். அந்த ஓரத்தில் ஒட்டியவை ஒன்பது வண்டுகள். அடியிலும் வெள்ளை. நான்கா, ஐந்தா? தெரியவில்லை. பெட்டியில் இருந்த மூன்று நீலப் புள்ளியும் அந்த ஒன்பதில்தான்.

மேரியின் மூன்றாம் அத்தியாயமே அந்த நீலப் புள்ளிதான்.

"நீலம் அஞ்சாம் தீவுதான் மேடம். என் கையால பிடிச்சேன். எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"நிச்சயமா?"

"நிச்சயம் மேடம்."

"காலையில கலியபெருமாளும் நிச்சயமாத்தான் இருந்தார்."

மேரி முகம் சிவந்துவிட்டது. நான் குறுக்கே பேசியிருக்கக் கூடாது, பேசினேன். "மேடம், மூணே மூணு வண்டு. அந்தப் பொண்ணு வாழ்க்கை. அவளே புடிச்சது. அஞ்சுன்னு போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"நமக்கு மூணு பேருக்குத் தெரியும். போதாதா?" என்றார் மேடம். அப்படிச் சொல்வது அவருக்கும் சுலபமில்லை. அந்தப் பெண்ணை அவர் மகள் மாதிரிதான் வைத்திருந்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் பூசணிக்காய் உடைத்த இடத்தைத் தாண்டிக் குதித்துச் சீட்டுகளை வாங்கி வந்தோம். நூற்றொன்பது வண்டுக்கு அச்சடித்த சீட்டு. மீதி ஒன்பதுக்கு என்னையே எழுதச் சொன்னார் மேடம். பொடி எழுத்தில் எழுதினேன். 'தீவு 4 அல்லது 5. தெரியாது. பிடித்தவர்: ஆரோக்கியமேரி. கலந்தவர்: கலியபெருமாள்.'

அதற்கு அடுத்த நாள் அந்தப் பெரிய மனிதர் வந்தார். காலர் வைக்காத சட்டை, கையில் தண்ணீர் பாட்டில். நம் ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். பெட்டியை ஒரு மணி நேரம் பார்த்தார். ஒன்பது வண்டுகளிடம் வந்து நின்றார். சீட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"கலந்தவர்னா என்ன?"

"அவரே சொல்வார்" என்று மேடம் என்னைக் கைகாட்டினார்.

சொன்னேன். ஏழு படி, சந்தனப் பொட்டு, குப்பை கொளுத்தியது, பத்து வண்டு நீந்தியது, மச்சான் பத்திரிகை எல்லாம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு வரிசையிலிருந்து ஒரு வண்டை எடுத்து மேரியின் கண்ணாடியில் அடியைப் பார்த்தார். "'குடும்பத்துடன் வந்து'ன்னு போட்டிருக்கு" என்றார். இன்னொன்றை எடுத்தார். "இங்க 'மணமக்களை'." மூன்றாவதை எடுத்தவர் அதை அப்படியே மேடத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. அது எங்கள் அண்ணன் கண்.

சிரித்து முடித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேரியிடம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீலப் புள்ளி அஞ்சாம் தீவுன்னா?"

"என் மூணாம் அத்தியாயம் சரி சார்."

"நாலாம் தீவுன்னா?"

"தப்பு சார். மொத்தமாத் தப்பு."

"எது?"

மேரி என்னைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். அஞ்சு என்று சொல்லிவிடேன் என்று நான் மனதுக்குள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

"தெரியாது சார்."

அவர் பெட்டியை மூடினார். "அப்ப போய்ப் புடிச்சுட்டு வாங்க. அந்தச் சீட்டுல நம்பர் வந்ததும் எனக்கு எழுதுங்க. உங்களுக்கு இடம் வச்சிருக்கேன்."

நல்ல செய்திதான். ஆனால் தீவுக்கு மறுபடி போக அனுமதி, கப்பல், மழை முடிவது என்று இன்னும் ஒரு வருடம் வேண்டும். மேரியின் அப்பா கொடுத்தது கிறிஸ்துமஸ் வரை. "அப்பாக்கிட்ட நான் கேக்க மாட்டேன். ஏற்கெனவே ரெண்டு தடவ தவணை கேட்டாச்சு" என்றாள் மேரி.

பிள்ளைகளா, நான் செய்த தப்புக்கு அந்தப் பெண் மூன்றாவது தடவை கெஞ்ச வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை நானே ஒரத்தநாடு பஸ் ஏறினேன்.

மேரியின் அப்பா வயலில் களை எடுக்கும் ஆட்களோடு நின்றார். சேற்றுக் காலோடு வரப்பில் ஏறி வந்து, "வாங்க வாங்க, மேரி நெறைய சொல்லியிருக்கு. காப்பி சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். குடித்த பிறகு சொல்வது நியாயமில்லை என்று தோன்றியது.

முழுக்கக் கேட்டார். "ஒம்பது வண்டுக்கு ஒரு வருசமாங்க?"

"ஆமாங்க. எந்தத் தீவுன்னு தெரியாமப் போச்சு. என்னாலதான்."

"பொண்ணுக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிடுச்சுங்க. சொந்தக்காரங்க என்னையத்தான் கேக்கறாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு தீவு வண்டும் ஒண்ணா கலந்துடுச்சு. பாத்தாத் தெரியாது. அப்படித்தானே?"

"அப்படித்தாங்க."

"போன வருசம் இங்க ரெண்டு ரக நெல்லு மூட்டை கலந்துடுச்சு. பாத்தா ஒண்ணாத்தான் இருந்துச்சு. மேரியோட அம்மா, வெதைக்கு வித்துடலாம், யாருக்குத் தெரியும்னு சொன்னா. வித்துருக்கலாம். வாங்கறவன் வயல்ல பாதி முன்னாடி கதிர் வாங்கும், பாதி பின்னாடி வாங்கும். அறுக்கவும் முடியாது, விடவும் முடியாது. நான் அவிச்சு அரிசியாக்கித்தான் வித்தேன்." என் பக்கம் திரும்பினார். "போய்ட்டு வரச் சொல்லுங்க. ஆனா ஒரு வேண்டுகோள்."

"சொல்லுங்க."

"கொண்டு வந்த பெறகு பூசைக்கு நீங்க லீவு போட்டுடணும்."

காப்பி வந்தது. குடித்தேன். அவ்வளவு நல்ல காப்பியை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

மழைக்காலம் போய், அனுமதி வந்து, மாசி மாதம் மேரியும் அவளோடு படித்த இன்னொரு பெண்ணும் கப்பல் ஏறினார்கள். ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. மேடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் டெலிபோன் இருந்த மேசைக்கருகில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டோம். ஒருநாள் பதினொரு மணிக்கு அது அடித்தது. நான்தான் எடுத்தேன். எங்கேயோ ஒரு எஸ்டிடி பூத்தில், பின்னால் ஏகப்பட்ட சத்தம்.

"அண்ணே! நீலப் புள்ளி கெடச்சுது! இருபத்திரண்டு!"

"எந்தத் தீவும்மா?"

"நாலு அண்ணே. எல்லாமே நாலு. அஞ்சுல ஒண்ணுகூட இல்ல. நாலு நாள் இலை இலையாப் பொரட்டிட்டேன். நான் சொன்னதுதான் தப்பு." குரலில் வருத்தமே இல்லை. கிறிஸ்துமஸ் கேரல் பாடுவது மாதிரி சொன்னாள். "மூணாம் அத்தியாயத்த மொதல்லேருந்து எழுதணும். அஞ்சுன்னு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க!"

நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "மேடம், நாலுதானாம்! அஞ்சு இல்லையாம்!" என்றேன்.

மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினார்.

"சீட்டு குத்தியாச்சான்னு கேளுங்க."

கேட்டேன்.

"மரத்துலேருந்து எடுத்ததும் குத்திட்டேன்னு சொல்லுங்க அண்ணே!" என்று மேரி கத்தியது மேடத்துக்கு நேராகவே கேட்டது.